'பொருளாதார வரம்புக்கு உட்பட்டு...': மாற்றுத் திறனாளிகள் சட்டம் உருவான வரலாறு

புதுதில்லி: 'பொருளாதாரத் திறன், வளர்ச்சி ஆகியவற்றின் வரம்புக்கு உட்பட்டு' என்பது அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்தில் இடம்பெற்ற ஒரு சொற்றொடர். 1995-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊனமுற்றோர் சட்டத்தில் இத்தொடர் பல பிரிவுகளில் மீண்டும் தலைகாட்டியது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலும் அது முற்றிலும் நீங்கவில்லை.

அரசியல் நிர்ணய சபை நடவடிக்கைகள், குழு அறிக்கைகள், மசோதாக்கள், நிலைக்குழு அறிக்கை, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் படிப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். அரசு தனது கடமையை ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும், அக்கடமையிலிருந்து விலகிச் செல்ல ஒரு வழியையும் சட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. இந்தச் சொற்றொடரின் பயணமே இந்தியாவில் மாற்றுத் திறனாளிகளுக்கான சட்டத்தின் வரலாறு எனலாம்.

உரிமையா, நிவாரணமா?

அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகளை அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பரில் விவாதித்தது. அவற்றுள் ஒன்றாகிய இன்றைய 41-வது ஷரத்து, வேலை பெறும் உரிமை, கல்வி பெறும் உரிமை, வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமை ஆகியவற்றுக்கு அரசு வகைசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால், அரசின் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டே அதைச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. வழிகாட்டு நெறி என்பதால், இதை நிறைவேற்றும்படி நீதிமன்றத்தை நாடவும் இயலாது.

அடிப்படை உரிமைகளில் ஊனம் பற்றிய பேச்சே இல்லை. பாகுபாட்டைத் தடை செய்யும் 15-வது ஷரத்து மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. அரசு வேலைவாய்ப்பில் சமவாய்ப்பு அளிக்கும் 16-வது ஷரத்தின் பட்டியலிலும் ஊனம் இடம்பெறவில்லை.

அரசியல் சட்டத்தில் ஊனமுற்றோருக்கென வெளிப்படையாக ஒதுக்கப்பட்ட மற்றோர் இடம் ஏழாவது அட்டவணை. மாநிலப் பட்டியலின் 9-வது இனம், 'ஊனமுற்றோருக்கும் வேலை செய்ய இயலாதோருக்கும் நிவாரணம்' என்பதாகும். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் வழங்கப்படுவது போன்ற 'நிவாரணம்' என்ற சொல்லே இங்கும் பயன்படுத்தப்பட்டது. அப்பொறுப்பும் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் இயற்ற நாடாளுமன்றம் நினைத்தால், நேரடி அதிகாரம் எங்கே என்ற கேள்வி எழும் நிலை இதனால் உருவாயிற்று.

முதல் மக்களவையிலேயே பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் அமர்ந்திருந்தார். 1953-ல் கல்கத்தாவில் நடந்த இடைத்தேர்தலில் வென்ற இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சாதன் குப்தா அவர். எனினும், ஊனமுற்றோரின் உரிமைக்கென முழுமையான ஒரு சட்டம் அந்த அவையின் முன் வர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடைக்காலத்தில் நடந்தவை நிர்வாக உத்தரவுகளே. மத்திய அரசின் 'சி', 'டி' பிரிவுப் பணியிடங்களில் ஊனமுற்றோருக்கு 3 சதவீத இடஒதுக்கீடு 1977-ல் அறிவிக்கப்பட்டது. அது சட்டமன்று, அரசாணை மட்டுமே. 1981-ம் ஆண்டை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனம் பற்றிக் கேட்கப்பட்டது. ஆனால் 1991 கணக்கெடுப்பில் அக்கேள்வி கைவிடப்பட்டது.

குழுவின் அறிக்கையும் பெய்ஜிங் பிரகடனமும்

ஊனமுற்றோருக்கென விரிவான சட்டம் ஒன்றை உருவாக்க, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பஹருல் இஸ்லாம் தலைமையில் 1987-ல் குழு அமைக்கப்பட்டது. 1988-ல் குழு தனது அறிக்கையை அளித்தது. அந்த அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே ஏழு ஆண்டுகள் கடந்தன. அதற்குள் மறுவாழ்வுப் பணியாளர்களின் பயிற்சியை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் மட்டும் 1992-ல் நிறைவேறியது.

தேக்கத்தை உடைத்தது சீனத் தலைநகரில் நடந்த ஒரு கூட்டம். ஆசிய, பசிபிக் பகுதிக்கான ஐ.நா. பொருளாதார, சமூக ஆணையம், 1992 டிசம்பர் 1 முதல் 5 வரை பெய்ஜிங்கில் அக்கூட்டத்தை நடத்தியது. 1993 முதல் 2002 வரையிலான காலத்தை ஆசிய, பசிபிக் ஊனமுற்றோர் பத்தாண்டாகக் கடைப்பிடிக்கும் பணியை அது தொடங்கிவைத்தது. ஊனமுற்றோரின் முழுப் பங்கேற்பு, சமத்துவம் குறித்த பிரகடனம் அங்கு ஏற்கப்பட்டது. இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது.

அந்தக் கையெழுத்து, மத்திய அரசுக்குத் தேவைப்பட்ட சட்ட அதிகாரத்தையும் கொண்டுவந்தது. சர்வதேச ஒப்பந்தங்களையும், சர்வதேச மாநாடுகளில் எடுக்கப்படும் முடிவுகளையும் நடைமுறைப்படுத்த, மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 253-வது ஷரத்து. 1995 சட்டத்தின் முகப்பு வாசகத்தைப் படித்தால் இது விளங்கும். பெய்ஜிங் பிரகடனத்தைச் செயல்படுத்துவதற்கான சட்டம் என்றே அது தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. தன் குடிமக்களுக்கு உரிமை வழங்கும் அதிகாரத்தை இந்திய நாடாளுமன்றம் வெளிநாட்டில் கையெழுத்தான பிரகடனத்தின் வழியாகத் தேடிக்கொள்ள நேர்ந்தது.

1995 டிசம்பர்

பி.வி. நரசிம்ம ராவ் தலைமையிலான அரசின் பதவிக்காலம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு பொதுத் தேர்தல். 1995 குளிர்காலக் கூட்டத்தொடரை தொலைத்தொடர்பு உரிமங்கள் தொடர்பான சர்ச்சை சூழ்ந்துகொண்டது. எதிர்க்கட்சிகளின் அமளியால் இரு அவைகளும் நாள்கணக்கில் முடங்கின.

மசோதா இந்தத் தொடரில் நிறைவேறாவிட்டால் அடுத்த மக்களவை வரை காத்திருக்க நேரும் என்பதை ஊனமுற்றோர் அமைப்புகள் உணர்ந்திருந்தன. ஜாவேத் அபிதி முதலானோர் முன்னின்று நடத்திய ஊனமுற்றோர் உரிமைக் குழு தலைநகரில் போராட்டத்தில் இறங்கியது. சக்கர நாற்காலிகளிலும் ஊன்றுகோல்களுடனும் வந்தவர்கள் நாடாளுமன்றம் நோக்கிப் பேரணி நடத்தினர். கட்சித் தலைவர்களிடம் நேரில் முறையிட்டனர். வேறெதிலும் உடன்படாத கட்சிகள் இதில் உடன்பட்டன. மசோதா அந்த டிசம்பரிலேயே நிறைவேறியது. 1996 ஜனவரி 1-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அவ்வாண்டின் முதலாவது சட்டமாகப் பதிவாகி, பிப்ரவரி 7-ல் அமலுக்கு வந்தது.

ஒருமித்த ஆதரவுக்கு ஒரு விலையும் இருந்தது. மசோதா அமளிக்கிடையே விரைவாக நிறைவேறியதால், அதன் ஒவ்வொரு பிரிவையும் நிறுத்தி நிதானமாக ஆராய அவைகளுக்கு வாய்ப்பு அமையவில்லை. அவ்வாறு ஆராய்ந்திருந்தால் உறுப்பினர்களின் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை சில உண்டு.

நிபந்தனை இருந்த இடங்கள்

1995 சட்டத்தின் பிரிவுகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை, நிபந்தனையின்றிக் கடமை விதித்தவை. ஊனமுற்ற குழந்தைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி என்றது 26-வது பிரிவு. அரசுப் பணியிடங்களில் 3 சதவீதத்துக்குக் குறையாத இடஒதுக்கீடு என்றது 33-வது பிரிவு. பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை வேலையிலிருந்து நீக்கவோ, பதவி இறக்கம் செய்யவோ கூடாது என்றது 47-வது பிரிவு.

இரண்டாவது வகையில்தான் 41-வது ஷரத்தின் சொற்றொடர் வந்து அமர்ந்தது. ரயில் பெட்டிகள், பேருந்துகள், விமானங்கள் ஆகியவற்றை ஊனமுற்றோர் பயன்படுத்தும் வகையில் மாற்றியமைப்பது குறித்த 44-வது பிரிவு, சாலைகளில் ஒலி சமிக்ஞை அமைப்பது முதலானவை குறித்த 45-வது பிரிவு, பொதுக் கட்டடங்களில் சாய்தளம், மின்தூக்கிகளில் பிரெய்ல் குறியீடு முதலியவை குறித்த 46-வது பிரிவு ஆகிய மூன்றிலும் 'பொருளாதாரத் திறன், வளர்ச்சி ஆகியவற்றின் வரம்புக்கு உட்பட்டு' என்ற நிபந்தனை இடம்பெற்றது. மறுவாழ்வு குறித்த 66-வது பிரிவிலும் அதுவே.

இதன் விளைவு எளிமையானது. வேலையில் இடஒதுக்கீடு உறுதி. அந்த அலுவலகத்தின் படியேறிச் செல்வதற்கான சாய்தளம் உறுதியன்று. கல்வி உரிமை உறுதி. பள்ளிக்குச் செல்லும் பேருந்தில் ஏறுவது அரசின் நிதிநிலையைப் பொறுத்தது.

தண்டனைப் பிரிவு மற்றொரு சான்று. சட்டத்தை மீறும் அதிகாரிக்கோ நிறுவனத்துக்கோ 1995 சட்டத்தில் தண்டனை எதுவும் கூறப்படவில்லை. தண்டனை விதித்த 69-வது பிரிவு, ஊனமுற்றோருக்கான சலுகையை மோசடியாகப் பெறுவோரைப் பற்றியது. அதற்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ரூ. 20 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சலுகையைத் திருடுபவரைப் பற்றி அரசுக்கு இருந்த கவலை, சலுகையை மறுப்பவரைப் பற்றி இல்லை.

நீதிமன்றங்களில் நடந்தது

இந்த வேறுபாட்டின் பயனை நீதிமன்றத் தீர்ப்புகளில் காணலாம். சட்டம் வருவதற்காகப் போராடிய ஜாவேத் அபிதியே அதை அமல்படுத்தக் கோரி உச்ச நீதிமன்றம் சென்றார். 1998 டிசம்பரில் அளித்த தீர்ப்பில், விமானக் கட்டணச் சலுகையை 80 சதவீத கை, கால் இயக்கக் குறைபாடு உடையவர்களுக்கும் வழங்க இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே தீர்ப்பில், சலுகை வழங்குவதைத் தீர்மானிக்கும்போது பொருளாதாரத் திறனும் கருத்தில் கொள்ளத்தக்கதே என்றும் கூறியது. மனுதாரருக்கு வெற்றி கிட்டியது; சொற்றொடரும் வலுப்பெற்றது.

நிபந்தனையில்லாத பிரிவுகளின் கதை வேறு. கால் இழந்ததால் பணியிலிருந்து வெளியேற்றப்பட்ட காவலர் ஒருவரின் வழக்கில், 47-வது பிரிவு அவரைக் காக்கிறது என 2003-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னின்ன பணியிடங்கள் ஊனமுற்றோருக்கு ஏற்றவை என அடையாளம் காணும் வேலை முடியவில்லை எனக் காரணம் காட்டி இடஒதுக்கீட்டைத் தள்ளிப்போட முடியாது என 2010-ல் கூறியது. ஒரு பதவித் தொகுப்பின் மொத்தக் காலியிடங்களின் அடிப்படையிலேயே 3 சதவீதத்தைக் கணக்கிட வேண்டும் என்று 2013 அக்டோபர் 8-ல் தெளிவுபடுத்தியது. சட்டம் அமலுக்கு வந்து 17 ஆண்டுகளுக்குப் பின்னும், 3 சதவீதம் எதில் 3 சதவீதம் என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

எண்ணிக்கையைப் பெறுவதும் போராட்டமாகவே இருந்தது. அமைப்புகளின் தொடர் வற்புறுத்தலுக்குப் பிறகு 2001 கணக்கெடுப்பில் ஊனம் பற்றிய கேள்வி மீண்டும் சேர்க்கப்பட்டது. 2.19 கோடிப் பேர் என்பது அப்போது கிடைத்த கணக்கு. 2011-ல் அது 2.68 கோடியாயிற்று, மக்கள்தொகையில் 2.21 சதவீதம்.

நான்கு ஆவணங்கள்

2006 டிசம்பர் 13-ல் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் குறித்த உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. இந்தியா 2007 மார்ச் 30-ல் கையெழுத்திட்டு, அக்டோபர் 1-ல் உறுதி செய்தது. பழைய சட்டத்தைத் திருத்தினால் போதும் என்ற நிலையிலிருந்து மத்திய அரசு இறங்கிவந்து, 2010-ல் சுதா கௌல் தலைமையில் குழு அமைத்தது. குழு 2011 ஜூனில் புதிய வரைவை அளித்தது. மசோதா 2014 பிப்ரவரி 7-ல் மாநிலங்களவையில் அறிமுகமானது. சமூக நீதித் துறைக்கான நிலைக்குழு அதை ஆராய்ந்து 2015 மே மாதம் அறிக்கை அளித்தது. 2016 டிசம்பர் 14-ல் மாநிலங்களவையும் 16-ல் மக்களவையும் அதை நிறைவேற்றின.

1995-ன் காட்சியே திரும்பவும் அரங்கேறியது எனலாம். இம்முறை கூட்டத்தொடரை முடக்கியது ரூபாய் நோட்டு மதிப்பிழப்பு விவகாரம். மீண்டும் குளிர்காலத் தொடர், மீண்டும் அமளி, மீண்டும் அனைத்துக் கட்சி உடன்பாடு. அரசு கொண்டுவந்த நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களுடன் மாநிலங்களவையில் ஒரே நாளில் மசோதா நிறைவேறியது. தொடரின் கடைசி நாளில் மக்களவை ஒப்புதல் அளித்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 2011 வரைவு, 2014 மசோதா, 2015 நிலைக்குழு அறிக்கை, 2016 சட்டம் ஆகிய நான்கும் பொதுவெளியில் உள்ளன. எது சேர்ந்தது, எது விடுபட்டது என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெற்றவை பல. அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளின் எண்ணிக்கை 7-லிருந்து 21 ஆனது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோரும், தலசீமியா, ஹீமோபிலியா நோயாளிகளும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தனர். உயர்கல்வியில் 5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டன. போக்குவரத்து, கட்டடங்கள் குறித்த பிரிவுகளிலிருந்து 'பொருளாதாரத் திறன்' என்ற நிபந்தனை நீங்கியது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்று காலக்கெடுவும் வந்தது.

இழந்தவையும் உள்ளன. 2014 மசோதாவில் வேலைவாய்ப்பில் 5 சதவீதமாக இருந்த இடஒதுக்கீடு, சட்டத்தில் 4 சதவீதமானது. தேசிய ஆணையம் அமைக்கும் யோசனை கைவிடப்பட்டு, தலைமை ஆணையர் பதவியே நீடித்தது. சட்டத்தை மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை என்று மசோதாவில் இருந்தது. சட்டத்தில் அது வெறும் அபராதமாயிற்று. முதல் முறை மீறினால் ரூ. 10 ஆயிரம் வரை. மோசடியாகச் சலுகை பெறுவோருக்கு மட்டும் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை தொடர்ந்தது.

பாகுபாட்டைத் தடுக்கும் 3-வது பிரிவில் ஒரு விலக்கும் இடம்பெற்றது. நியாயமான நோக்கத்தை அடைவதற்குப் பொருத்தமான வழி என்று காட்டினால், பாகுபாடு அனுமதிக்கப்படும் என்பதே அது. 2017-ல் வெளியான விதிகள், இந்த விலக்கைத் தவறாகப் பயன்படுத்தி உரிமையை மறுக்காமல் பார்த்துக்கொள்ளுமாறு நிறுவனத் தலைவர்களுக்கு அறிவுறுத்துகின்றன. தவறாகப் பயன்படக்கூடும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சரி, பழைய சொற்றொடர் என்ன ஆயிற்று? சமூகப் பாதுகாப்பு குறித்த 24-வது பிரிவிலும், மறுவாழ்வு குறித்த 27-வது பிரிவிலும் அது பத்திரமாக இருக்கிறது. ஓய்வூதியம், பராமரிப்பு உதவி, மருத்துவ உதவி போன்றவற்றுக்கான திட்டங்கள் இந்த 24-வது பிரிவின் கீழ் வருபவை. ஏழை மாற்றுத் திறனாளியின் அன்றாட வாழ்வைத் தொடும் இடத்தில் இன்னமும் 1948-ன் நிபந்தனையே ஆள்கிறது.

சொல் நீங்கியதும் தடை நீங்கிவிடவில்லை

நிபந்தனை நீக்கப்பட்ட இடங்களிலும் பணி முடிந்துவிடவில்லை. பொது இடங்களை மாற்றியமைக்கக் கோரி, 1995 சட்டத்தின் காலத்திலேயே, 2005-ல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு புதிய சட்டத்தின் காலத்திலும் தொடர்ந்தது. கட்டடங்களுக்கான ஐந்தாண்டுக் காலக்கெடு 2022 ஜூனில் முடிந்தது. அவ்வழக்கில் 2024 நவம்பர் 8-ல் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயக் கடமை என்று கூறியதை, 2017 விதிகளில் 15-வது விதி வெறும் வழிகாட்டுதலாக மாற்றிவிட்டது எனக் கண்ட அமர்வு, அவ்விதி சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. குறைந்தபட்ச கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களில் வகுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சட்டத்திலிருந்து நாடாளுமன்றம் நீக்கிய நெகிழ்வு, விதிகளின் வழியாகத் திரும்பிவந்ததைத்தான் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. விதிகளை வகுப்பது அமைச்சகம். அவை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படுவது வழக்கம்; விவாதிக்கப்படுவது அரிது.

கோப்புகள் பேசுமா?

ஒரு சொல் ஏன் சேர்ந்தது, யார் ஆட்சேபித்தார்கள், நிதி அமைச்சகம் என்ன கேட்டது, சட்ட அமைச்சகம் என்ன பதில் சொன்னது என்பவற்றைச் சொல்லக்கூடியவை அமைச்சகக் கோப்புகளின் குறிப்புப் பக்கங்களே. 1993-ம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டப்படி, 25 ஆண்டுகளைக் கடந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்ட, ரகசிய வகையைச் சேராத ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்படலாம். 1995 சட்டத்தின் கோப்புகள் 2020-லேயே அந்த வயதை எட்டிவிட்டன. தகவல் உரிமைச் சட்டமும், 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் குறித்த பல விதிவிலக்குகளை விலக்கிக்கொள்கிறது. அமைச்சரவை ஆவணங்களுக்கு அந்தத் தளர்வு இல்லை.

அக்கோப்புகளுக்கு உரிய அமைச்சகமே பெயர் மாறிவந்திருக்கிறது. 1995-ல் அது நலத்துறை அமைச்சகம். 1998-ல் சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகம். 2012-ல் அதனுள் மாற்றுத் திறனாளிகளுக்கெனத் தனித் துறை. ஒவ்வொரு மாற்றத்திலும் கோப்புகளும் இடம் மாறும். அவை சிதையாமல் காப்பகம் சென்று சேருவதை உறுதி செய்வது அரசின் கடமை.

இன்னொரு கடமையும் இதில் அடங்கியிருக்கிறது. படமாக மட்டும் வருடப்பட்டு இணையத்தில் ஏற்றப்பட்ட பக்கத்தை, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளால் படித்துக்காட்ட இயலாது. மின்னணு ஊடகங்களில் உள்ள உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 42-வது பிரிவு. நாடாளுமன்ற விவாதங்களுக்கும், குழு அறிக்கைகளுக்கும், காப்பகக் கோப்புகளுக்கும் அது பொருந்தும். அந்தப் பிரிவில் 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்ற நிபந்தனை இல்லை.

தங்களுக்காக இயற்றப்பட்ட சட்டம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அவர்களே படித்தறிய வேண்டும். அடுத்த திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வரும்போது, அமளிக்கு நடுவே எந்தச் சொல் உள்ளே நுழைகிறது, எது வெளியேறுகிறது என்பதை முன்கூட்டியே கேட்க அவர்களுக்கு அது உதவும்.